பீமிலியில் சும்மா இருப்பது

குவாண்டிலோகா சிஸ்டம்ஸ் கம்பெனியில் யாருடைய லீவும் மறுக்கப்பட்டதில்லை. ஹைதராபாத் மாதாப்பூரில் கண்ணாடி போர்த்திய அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் புதிதாகச் சேருகிறவர்களை உட்காரவைத்து, மனிதவளத் துறையின் சாருலதா முதலில் சொல்வதே இதைத்தான். அது உண்மையும்கூட. அங்கே லீவு மனுக்கள் மறுக்கப்படுவதில்லை, பரிசீலனையில் இருக்கும். தன் கல்யாணத்துக்கு லீவு கேட்ட ஒருவர், மூத்த பிள்ளைக்குக் காது குத்திய பிறகும் அந்த மனு பரிசீலனையில்தான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்தானத்துக்கு இது தெரியாததல்ல. விருதுநகரிலிருந்து வந்து அந்தக் கம்பெனியில் ஆறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறான். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது அவன் வேலை. கண்டுபிடித்தால் எழுதியவனுக்குக் கோபம் வரும். கண்டுபிடிக்காவிட்டால் அமெரிக்காவுக்குக் கோபம் வரும். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வாடகை வீடு. மனைவி சுமதி பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் சௌம்யா இரண்டாம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்லுவாள்.

விஷயம் சௌம்யாவிடமிருந்துதான் தொடங்கியது. பள்ளியில் கடல் படம் வரையச் சொன்னார்கள். அவள் ஹுசைன் சாகரை வரைந்து, நடுவில் புத்தர் சிலையையும் நிறுத்திவிட்டு வந்தாள். டீச்சர் ‘வெரி குட்’ போட்டிருந்தார்.

“அது ஏரிடி” என்றாள் சுமதி.

“ஸமுத்ரம்லோ புத்தா உண்டரா?” என்று கேட்டது குழந்தை. கடலில் புத்தர் இருக்க மாட்டாரா என்று உண்மையிலேயே வருத்தம் அதற்கு.

அன்று சாயங்காலம் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே சுமதி சொன்னாள். “ஏழு வயசு வரைக்கும் பிள்ளை கடலைப் பாக்கலை. மூணு தடவை கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி மூணு தடவையும் நின்னுபோச்சு. கடைசியாக் கேக்கறேன். கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா இனிமே கேக்க மாட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். கடுகு வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாளே மனுப் போட்டான். விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பீமிலி என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். ஒருதடவை கம்பெனி வேலையாகப் போனபோது அங்கே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். அமைதியான ஊர். கலங்கரை விளக்கம், அதைத் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு, அதற்கு முன்னால் கடல். வெள்ளிக்கிழமை கிளம்பி அங்கே போய் லுங்கி கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

கம்ப்யூட்டரில் லீவுக்கான காரணங்கள் வரிசையாக இருந்தன. திருமணம், மரணம், பிரசவம், காய்ச்சல். எதுவும் பொருந்தவில்லை. ‘மற்றவை’ என்பதைத் தட்டி, ‘சும்மா இருக்க’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டான்.

பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த முகமது யூசுப் தலையில் அடித்துக்கொண்டான். அவன் வாணியம்பாடிக்காரன். “பைத்தியமா உனக்கு? மாமனாருக்கு நெஞ்சு வலின்னு போட வேண்டியதுதானே? நான் எங்க மாமனாரை மூணு தடவை ஐசியூல சேர்த்திருக்கேன். மனுஷன் ஆம்பூர்ல தினமும் வாக்கிங் போறாரு.”

“பொய் எதுக்குடா சொல்லணும்?”

“உண்மைக்கு அதுல கட்டமே இல்லையே, பாத்தியா?”

யூசுப் சொன்னது பலித்தது. அன்று மத்தியானமே சாருலதா கூப்பிட்டுவிட்டாள். அவள் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்; ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பாள். அவள் அறைக் கதவில் ‘ஓய்வு மேன்மை மையம்’ என்று புதுப் பலகை தொங்கியது. போன மாதம் வந்திருந்த அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர், ஊழியர்களின் கண்களைப் பார்த்துவிட்டு இங்கே ஏதாவது தொற்றுநோயா என்று கேட்டிருந்தார். உடனே ஊழியர்களுக்கு ஓய்வளிப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. அந்த மையத்தை உருவாக்குவதற்காக ஒரு குழு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்குப் போகாமல் உழைத்தது. அதில் ஒருவருக்கு நிஜமாகவே நெஞ்சு வலி வந்து, ‘மற்றவை’யில் லீவு கேட்டிருந்தார். அது பரிசீலனையில் இருந்தது.

“சந்தானம், கம்பெனிலயே நீங்கதான் முதல் கேஸ்” என்றாள் சாருலதா மலர்ந்த முகத்தோடு. “சும்மா இருக்கறதுன்னா எக்ஸாக்டா என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன் மேடம்.”

“ஹவ், அது புரியுது. அதை எப்படிப் பண்ணுவீங்க?”

சந்தானம் யோசித்தான். “கடலைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்.”

“எவ்வளவு நேரம்?”

“இருட்டற வரைக்கும்.”

“மறுநாள்?”

“மறுநாளும் அதான்.”

“அதே கடலையா?” அவள் புருவத்தைச் சுருக்கி, ‘ஒரே வேலை இரண்டு முறை’ என்று குறித்துக்கொண்டாள். “நக்கோ சந்தானம், இப்படி இருந்தா கமிட்டி ஒத்துக்க மாட்டாங்க. ஒரு திட்டமா எழுதிக் குடுங்க. மேல போகும்.”

மேலே என்றால் திருநாவுக்கரசு. மதுரைக்காரர், அந்தப் பிரிவுக்கே தலைவர். பேகம்பேட்டில் சொந்த வீடு. கூட்டங்களில் அவர் சார், தனியாக இருக்கும்போது அண்ணன். தமிழாள் என்ற பாசம் அவருக்கு உண்டு. சுமதியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் “தங்கச்சி நல்லாருக்கா?” என்று கேட்காமல் பேச்சைத் தொடங்க மாட்டார்.

“விவரமா எழுதிரு தம்பி” என்றார், தோளில் கைபோட்டு. “எந்த ரூமு, எந்த இடத்துல உக்காருவ, நிழல் எந்தப் பக்கம், மீனு எங்க வாங்குவ, எல்லாத்தையும் போடு. மேல இருக்கறவங்களுக்கு விவரம் இருந்தாத்தான் நம்பிக்கை வரும். மத்தத நான் பாத்துக்கறேன். என் தம்பிக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?”

அந்த வாரம் சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. சுமதியும் அவனும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். பீமிலியில் விடுதி நடத்தும் வேதவல்லி என்ற அம்மாளிடம் சுமதியே தெலுங்கில் பேசி, மாடியில் மூலை அறையைப் பிடித்தாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டால் படுத்தபடியே கடல் தெரியும் என்றார் வேதவல்லி. கட்டில் இழுக்க வருமா என்றுகூடச் சுமதி கேட்டு உறுதி செய்துகொண்டாள். சவுக்குத் தோப்பில் காலையில் நிழல் எங்கே விழும், மத்தியானம் எங்கே நகரும் என்று அவன் படம் போட்டுக் காட்டினான். அவள் மோவாயில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பாக்கெட்டையும் பள்ளிக் கட்டணத்தையும் தவிர வேறு ஒன்றைப் பற்றி அவர்கள் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

திட்டம் கமிட்டிக்கு முன் வைக்கப்பட்டது. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சந்தானம் திரையில் கடலைக் காட்டினான்.

“அலைகள் நின்றுபோனால் என்ன ஏற்பாடு?” என்று ஒருவர் கேட்டார்.

“நிக்காது சார்.”

“அதற்கு எழுத்துபூர்வமான உத்தரவாதம் இருக்கிறதா?”

இல்லை என்று ஒப்புக்கொண்டான். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ஒரே ஒரு கடலை நம்பி மூன்று பேர் போகிறீர்கள். மாற்றுக் கடல் யோசித்தீர்களா?” என்றார். இதில் கமிட்டிக்குள்ளேயே விவாதம் வந்தது. அரபிக் கடல் தூரம் என்றார் ஒருவர். தூரமாக இருந்தாலும் அவசரத்துக்கு ஒன்று இருப்பது நல்லது என்றார் மற்றவர். கடைசியில் திருநாவுக்கரசு குறுக்கிட்டு, மாற்றுக் கடலை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தார். சந்தானம் அவரை நன்றியோடு பார்த்தான்.

அடுத்து ஒத்திகை. ஓய்வெடுக்கத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் அனுப்ப முடியாதாம். மீட்டிங் அறையில் ஒரு பெரிய தட்டில் மணலைக் கொட்டி, அவனைச் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் வைத்து உட்காரச் சொன்னார்கள். லேப்டாப்பிலிருந்து அலைச் சத்தம் வந்தது. இரண்டு அலைகளுக்கு நடுவே மெயில் வந்த சத்தமும் வந்தது. சந்தானம் ஐந்தாவது அலையில் தூங்கிப்போனான்.

“ஃபெயில்” என்றாள் சாருலதா, தட்டி எழுப்பி. “ஓய்வுங்கறது ஒரு திறமை சந்தானம். தூங்கறதுக்குத் திறமை எதுக்கு? அதை யாரு வேணா பண்ணலாம்.”

இரண்டாம் முறை ஒரு மணி நேரம் கண்ணை அகல விரித்து, புன்னகை மாறாமல், மணலில் உட்கார்ந்திருந்தான். தாடை வலித்தது. பாஸ் போட்டார்கள்.

திட்டம் தேறியது மட்டுமல்ல, பரிசும் வாங்கியது. எல்லா ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் கம்பெனியின் தலைமை அதிகாரி மேடையேறி ஆங்கிலத்தில் பேசினார். “ஓய்வு உழைப்பின் எதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஓய்வைச் சரியாக நிர்வகித்தால், உழைப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. அந்த நிலையை நாம் கிட்டத்தட்ட எட்டிவிட்டோம். நம் ஊழியர்கள் வீட்டில் இருக்கும்போதும் இங்கே இருப்பதாகவே உணர்வதாகச் சொல்கிறார்கள். இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?” கைதட்டல் ஓய நேரமாயிற்று.

பிறகு சந்தானத்தை அழைத்துக் கேடயம் கொடுத்தார். “இந்த அருமையான திட்டம் யாருடையது?” என்று ஒலிபெருக்கியை நீட்டினார்.

பக்கத்தில் நின்ற திருநாவுக்கரசு காதோடு சொன்னார். “கம்பெனியோடதுன்னு சொல்லு தம்பி. நல்லாருக்கும்.”

“கம்பெனியுடையது சார்” என்றான் சந்தானம்.

அதற்கும் கைதட்டினார்கள். அவனுடைய லீவு வழங்கப்பட்டதாக மேடையிலேயே அறிவித்தார்கள். கீழே இறங்கியதும் யூசுப், “ஏண்டா அப்படிச் சொன்ன?” என்றான்.

“மரியாதைக்குச் சொன்னேன்டா.”

“நீ மரியாதைக்குச் சொன்ன. அவங்க மரியாதைக்கா கேட்டாங்க?”

சந்தானம் சிரித்துவிட்டு நகர்ந்தான். வீட்டில் சுமதி ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோதாவரி எக்ஸ்பிரஸ். சௌம்யா புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டே சாப்பிட்டாள், போட்டுக்கொண்டே தூங்கினாள்.

புதன்கிழமை காலை திருநாவுக்கரசு அறைக்குக் கூப்பிட்டார். “உக்காரு தம்பி. டீ சாப்பிடறியா?” என்றார். தங்கச்சியைப் பற்றி விசாரிக்கவில்லை.

“உன் பிளான் மேலிடத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எல்லாருக்கும் குடுக்கறதுக்கு முன்னாடி தலைமைக் குழு போய் டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னு முடிவாயிருக்கு. நீ டெஸ்டிங் ஆளு, உனக்குத் தெரியாததா?”

“எப்பண்ணே?”

“இந்த வெள்ளிக்கிழமை.”

“வெள்ளிக்கிழமை நான்ல போறேன்?”

“அதான். அதே நாளு, அதே ரூமு, அதே இடம். அப்பத்தானே டெஸ்ட் சரியா இருக்கும்? நீயும் அங்க வந்து உக்காந்தா ரிசல்ட் மாறிப்போகும்.” டீயை அவன் பக்கம் நகர்த்தினார். “நீ இங்க இருந்து போன்ல சப்போர்ட் குடு. எழுதினவன் நீ. எங்களுக்கு வழி சொல்ல உன்னை விட்டா யாரு இருக்கா?”

“என் லீவுண்ணே…”

“லீவை யாரு கேன்சல் பண்ணா? நம்ம கம்பெனில அந்தப் பழக்கமே கிடையாதே.”

“ரூம் என் பேர்ல இருக்குண்ணே. சுமதி பேசிப் பிடிச்ச ரூம்.”

“அந்த அம்மாகிட்ட நானே இப்பப் பேசிட்டேன். நீ விட்டுக்குடுத்துட்டேன்னு சொன்னதும் சரின்னுட்டாங்க.”

“நான் விட்டுக்குடுக்கலையே?”

திருநாவுக்கரசு அவனை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “கம்பெனியோடதுன்னு மேடையில சொன்னது நீதானே தம்பி? எத்தனை பேர் முன்னாடி சொன்ன! நானா சொன்னேன்?”

சந்தானம் டீயைக் குடித்தான். குடித்துவிட்டு, சரிங்கண்ணே என்று சொல்லி எழுந்து வந்தான். ஏன் சொன்னான் என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தான். காரணம் எதுவும் அகப்படவில்லை.

வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசனை. சுமதி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “ஆபீஸ்ல ஏதாவது விசேஷமா?” என்றாள்.

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்லை.”

வியாழக்கிழமையும் அவள் அதையே கேட்டாள், அவனும் அதையே சொன்னான். திருநாவுக்கரசுக்கு மனம் மாறலாம், தலைமை அதிகாரிக்குக் காய்ச்சல் வரலாம், அமெரிக்காவில் ஏதாவது ஆகலாம் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், “அவசர வேலை வந்துருச்சு. அடுத்த மாசம் போலாம் சுமதி” என்றான்.

“சரி” என்றாள். “அப்ப நாங்க மல்காஜ்கிரிக்குத் தங்கம் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றோம்.”

ஒரு சத்தம் இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. தப்பித்தோம் என்று இருந்தது அவனுக்கு.

சனிக்கிழமை மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாள். ஆறாவது மாடியில் அவனும் ஒரு போனும் மட்டும் இருந்தார்கள். ஏசி எலும்பில் இறங்கியது. பத்து மணிக்கெல்லாம் பீமிலியிலிருந்து அழைப்புகள் தொடங்கிவிட்டன. காற்று இதமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாயே, முடி கலைகிறதே என்றாள் சாருலதா. கட்டிலை இழுத்தால் சத்தம் வருகிறது என்றார் ஒருவர். உட்கார்ந்து எத்தனை நிமிஷத்தில் ஓய்வு பூர்த்தியாகும், அதற்குமேல் உட்கார்ந்தால் வீணா என்று தலைமை அதிகாரி கேட்கச் சொன்னதாக இன்னொருவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் சந்தானம் பொறுமையாகப் பதில் சொன்னான். போனுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

பதினோரு மணி சுமாருக்குத் திருநாவுக்கரசே கூப்பிட்டார். “தம்பி, இங்க ஒரு சின்னச் சிக்கல். நீ சொன்ன சவுக்கு நிழல்ல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, சின்னப் பொண்ணோட. கொஞ்சம் தள்ளிக்கங்கன்னா அசைய மாட்டேங்கறாங்க. இது எங்க இடம்ங்கறாங்க. தமிழ்ல வேற பேசறாங்க.”

சந்தானம் எழுந்து நின்றுவிட்டான். “போனை அவங்ககிட்ட குடுங்கண்ணே.”

கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு, “சொல்லுங்க” என்றாள் சுமதி.

“சுமதி, நீ மல்காஜ்கிரிக்குல்ல…”

“டிக்கெட் இருந்துச்சு. வந்துட்டோம். ரூம் இல்லைன்னதும் வேதவல்லியம்மா அவங்க வீட்டு ஹால்ல இடம் குடுத்தாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”



“அந்த அம்மா புதன்கிழமை மத்தியானமே எனக்குப் போன் பண்ணிட்டாங்க. ‘உங்க வீட்டுக்காரர் ரூமை விட்டுக்குடுத்துட்டாராமே, நிஜமா’ன்னு கேட்டாங்க. இருக்காதுன்னு சொன்னேன். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரெண்டு நாள் கேட்டும் பாத்தேன்.”

தூரத்தில் சௌம்யா, “வச்சேஸ்தோந்தி! வச்சேஸ்தோந்தி!” என்று தெலுங்கில் கத்தினாள். வருது, வருது என்று ஒவ்வொரு அலைக்கும் கத்திக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்துக் கத்தி அவன் கேட்டதில்லை. மகள் முதன்முதலாகக் கடலைப் பார்ப்பதை அவன் திருநாவுக்கரசின் போனில் கேட்டுக்கொண்டு நின்றான்.

“யாரு தம்பி அது?” என்றார் அவர், போனைத் திரும்ப வாங்கி.

“என் மனைவிண்ணே.”

எதிர்முனையில் உடனே குரல் பிரகாசமானது. “அட, நம்ம தங்கச்சியா! முன்னாடியே சொல்ல வேணாமா? ஃபேமிலியும் தானா வந்திருக்குன்னா பிளான் எவ்வளவு பெரிய வெற்றி பாரு! இரு, ஒரு போட்டோ எடுத்துக்கிடறோம்.”

திங்கட்கிழமை விடியற்காலையில் சுமதி வந்து சேர்ந்தாள். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. சண்டை போடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவளோ கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்டாள்.

ஆபீசுக்குப் போனால் அவன் கணக்கில் லீவு கழிந்திருந்தது. சாருலதாவிடம் ஓடினான்.

“மேடம், நான் இங்கதானே இருந்தேன்?”

“ஹவ், இருந்தீங்க” என்றாள் அனுதாபத்தோடு. “ஆனா சிஸ்டம்ல நீங்க பீமிலில இருக்கீங்க. லீவு சாங்ஷன் ஆச்சு, திட்டம் நடந்துச்சு, உங்க ஃபேமிலியும் போய் வந்துட்டாங்க. நீங்க லீவே எடுக்கலைன்னு நான் மாத்தினா, கம்பெனி உங்களுக்கு லீவு குடுக்கலைன்னு ஆயிடும். நம்ம ரெக்கார்டு என்ன ஆகும் சந்தானம்? நீங்களே சொல்லுங்க.”

அவன் தன் நாற்காலிக்குத் திரும்பி, அன்றைய தப்புகளைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தான்.

அந்த வார இறுதிக்குள் லிஃப்டுக்கு எதிரே ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டினார்கள். தலைமை அதிகாரியும் திருநாவுக்கரசும் அரை டிராயரில் கட்டை விரலை உயர்த்தியபடி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், காமிராவுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்தபடி சுமதியும் சௌம்யாவும். ‘எங்கள் ஊழியர்களின் குடும்பங்கள் ஓய்வெடுக்கின்றன’ என்று கீழே எழுதியிருந்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் சாருலதா அங்கே நிறுத்தி விளக்குவாள். சந்தானம் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அவனையும் நிறுத்திக் கைகுலுக்கவைப்பாள். அவன் படியில் ஏறி இறங்கப் பழகிக்கொண்டான்.

அவனுக்கென்று அன்பளிப்பாக அந்தப் படத்தின் சின்னப் பிரதி ஒன்றையும் கொடுத்தார்கள். அதை வீட்டில் ஒளித்துவைக்கத்தான் நினைத்தான். பையைத் திறந்த சுமதியின் கண்ணில் பட்டுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்துவந்து, இரண்டு அரை டிராயர்களையும் பதமாக வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டாள். மிச்சத்தை அலமாரிக் கண்ணாடியில் செருகினாள். அம்மா, மகள், கடல்.

“தசரா லீவுல நாங்க திரும்பவும் போறோம்” என்றாள், அவனைப் பார்க்காமல். “வேதவல்லியம்மாகிட்டப் பேசிட்டேன்.”

நாம என்று சொல்லுவாளோ என்று ஒரு கணம் காத்திருந்தான். அவள் கத்தரிக்கோலை எடுத்துவைக்கப் போய்விட்டாள்.

சௌம்யா கட்டிலில் ஏறி நின்று படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, “பப்பா, இஸ்மே தும் கைக்கு நை?” என்றாள். இதில் நீ ஏன் இல்லை என்று கேட்கிறாள்.

அடுத்த அறையிலிருந்து சுமதிதான் பதில் சொன்னாள்.

“அப்பா அன்னிக்கு லீவு கண்ணு.”